கிருபையா, சுயசித்தமா: திடப்படுத்தல் வகுப்புக்கு ரெண்டு கட்டம் போதுமா?

06.07.2024, இரவு 8.50 — ஈரோடு டீச்சர்

திடப்படுத்தல் வகுப்பு (ஞானஸ்நானம் பெற்ற பசங்களைச் சபையில உறுதிப்படுத்தறதுக்கான பாடம்). 16 பேர், வயசு 14-லிருந்து 17. வர்ற 14-ம் தேதி ஞாயிறு 45 நிமிசம், தலைப்பு கிருபையும் சுயசித்தமும். போர்டுல ரெண்டு கட்டம் போடப் போறேன். இடது: கால்வின் (16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தத் தலைவர்). எல்லாம் தேவன் முன்குறிச்சது, மனுசனுக்குப் பங்கில்லை. வலது: அர்மீனியஸ் (கால்வின் பக்கத்து முன்குறித்தலை மறுத்த டச்சு இறையியலாளர்). மனுசன் சுயசித்தத்தால தொடங்கறான், தேவன் உதவி பண்றார். கத்தோலிக்கர் வலது கட்டத்துல. நம்ம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நடுவுல. உவமை: வாய்க்கால்ல தண்ணி வருது, அது கிருபை. மடையைத் திறக்கறது நாம, அது விசுவாசம். தப்பிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க.

06.07.2024, இரவு 9.40 — மடைகாரன்

ரெண்டு கட்டமும் தப்புங்க டீச்சர். உவமை அதைவிடத் தப்பு.

வலது கட்டத்துல இருக்கறது அர்மீனியஸே இல்லை. அவர் 1609-ல் இறந்தார். அவர் பக்கத்து ஆட்கள் 1610-ல் 5 பிரிவா ஒரு முறையீடு கொடுத்தாங்க. அதுல 3-ம் பிரிவு என்ன சொல்லுது? மனுசனுக்கு இரட்சிக்கும் விசுவாசம் தன்னாலேயோ தன் சுயசித்தத்தின் பலத்தாலேயோ வராது, மறுபடி பிறந்தாகணும். 4-ம் பிரிவு: எந்த நன்மைக்கும் தொடக்கம், வளர்ச்சி, நிறைவு மூணும் கிருபைதான், ஆனா அந்தக் கிருபையை எதிர்த்து நிற்க முடியும். சண்டை முழுக்க அந்த "ஆனா"வுலதான்.

"மனுசன் தொடங்கறான், தேவன் உதவறார்" என்பது 5-ம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சு மடங்கள்ல இருந்த பேச்சு. யோவான் காசியன் பேர் அதுல அடிபடும். 529-ல் ஆரஞ்சு சங்கம் (ஊர்ப் பேருங்க, பழம் இல்லை) 25 விதி எழுதுச்சு. அதுல 5-வது, விசுவாசத்தோட தொடக்கமே கிருபையின் ஈவுன்னு சொல்லி இந்தப் பேச்சைத் தள்ளிருச்சு. பெலேஜியஸ் கதை அதுக்கும் முந்தி: கட்டளையைக் கைக்கொள்ளற சக்தி மனுச சுபாவத்துலயே இருக்குதுன்னார், 418-ல் கார்த்தேஜ் சங்கம் தள்ளுச்சு.

ஆக உங்க வலது கட்டத்தை ரோமும் தள்ளும், டோர்ட்டும் (கால்வின் பக்கத்துச் சபைகள் 1618-ல் கூட்டின சங்கம்) தள்ளும், மெத்தடிஸ்ட் சபைகளுக்கு வித்திட்ட வெஸ்லியும் தள்ளுவார். அந்தக் கட்டத்துல உட்கார ஆளே இல்லை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துல பாதியைத் தவிர.

கட்டத்தை அழிச்சுட்டு 4 கேள்வி எழுதுங்க. ஒண்ணு, யார் தொடங்கறது? ரெண்டு, கிறிஸ்து யாருக்காக மரிச்சார்? மூணு, கிருபையைத் தள்ள முடியுமா? நாலு, பெற்றதை இழக்க முடியுமா? எந்தச் சபையையும் இந்த நாலுல நிறுத்திப் பார்த்தா எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுபோகும். முதல் கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்கங்கறதைப் பசங்க அவங்க கண்ணால பார்க்கட்டும்.

06.07.2024, இரவு 10.15 — ஈரோடு டீச்சர்

அப்ப மடை?

06.07.2024, இரவு 10.22 — மடைகாரன்

மடையைத் திறக்கற கைக்கு பலம் எங்கிருந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வியே. அதை நீங்க உவமைக்கு வெளிய விட்டுட்டீங்க. நாளைக்கு எழுதறேன்.

07.07.2024, காலை 6.10 — கரூர் வெஸ்லி

வெஸ்லி பேர் வந்ததால ஒரு குறிப்பு. முந்திவரும் கிருபைன்னு ஒண்ணை விட்டா மெத்தடிஸ்ட் போதனை புரியாது. ஆதாமில் எல்லாரும் செத்தவங்க, சுயசித்தமும் செத்தது. இதுல வெஸ்லிக்கும் கால்வினுக்கும் மயிரிழைதான் தூரம். வெஸ்லியே அப்படிச் சொல்லியிருக்கார். ஆனா கிறிஸ்துவினால ஒரு அளவு கிருபை எல்லா மனுசருக்கும் ஏற்கெனவே திரும்பக் கொடுக்கப்பட்டிருக்கு. மனச்சாட்சி உறுத்தறதே அதோட வேலை. பதில் சொல்ற திராணி பிறவியில வந்தது இல்லை, தரப்பட்டது. அதனால "மெத்தடிஸ்ட்னா சுயசித்தம்"னு எழுதாதீங்க. "விடுவிக்கப்பட்ட சித்தம்"னு எழுதுங்க.

சி.எஸ்.ஐ. நடுவுலன்னு போட்டதும் சரியில்லை. 1947 செப்டம்பர் 27-ல் சேர்ந்தது யார் யார்? ஆங்கிலிக்கர், அவங்க 39 பிரிவுகள்ல 17-வது முன்குறித்தலைப் பத்தினது. மெத்தடிஸ்ட், 1784-ல் வெஸ்லி அந்த 39-ஐ அமெரிக்கச் சபைக்காக 24-ஆ வெட்டினப்ப 17-வதைத் தூக்கிப்போட்டார். மூணாவது தென்னிந்திய ஐக்கிய சபை. ஈரோடு, கோயம்புத்தூர், சேலத்து லண்டன் மிஷன் சபைகள் 1908 முதல் இதுக்குள்ளதான். கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மிஷன். 17-வதை வெச்சிருந்தவங்களும் வெட்டினவங்களும் ஒரே பந்தியில உட்கார்ந்தாங்க. பொதுவா வெச்சது அப்போஸ்தலர் பிரமாணம், நிசேயா பிரமாணம். ரெண்டுலயும் முன்குறித்தல் இல்லை. நடுவுல நிக்கறதுன்னு இதைச் சொல்லக் கூடாது, பதில் எழுதாம விட்ட தாள்னு சொல்லலாம்.

07.07.2024, மதியம் 1.30 — கருமத்தம்பட்டி ஜெபமாலை

கத்தோலிக்கர் எங்களை எந்தக் கட்டத்துல வேணா போடுங்க, அதுக்கு முன்னாடி திரிதெந்து சங்கத்தை (சீர்திருத்தக்காரங்களுக்கு எங்க சபை பதில் சொன்ன சங்கம்) படிச்சுட்டுப் போடுங்க. 1547 ஜனவரி 13, 6-ம் அமர்வு: 16 அதிகாரம், 33 விதி. முதல் விதியே, கிறிஸ்து வழியா வர்ற அருள் இல்லாம மனுசன் தன் செயல்களால கடவுள் முன்னால நீதிமானாகலாம்னு சொல்றவன் சபிக்கப்பட்டவன். 4-ம் விதி அடுத்த பக்கம்: கடவுள் தூண்டி எழுப்பின சித்தம் இசைஞ்சு ஒத்துழைக்கறதே இல்லை, வேண்டாம்னு சொல்லவும் முடியாதுங்கறவனும் அப்படியே. ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. இன்றைய மறைக்கல்வி நூல் 2001-ம் எண்: அருளைப் பெற மனுசன் ஆயத்தமாகறதே அருளோட வேலை. 1037: கடவுள் யாரையும் நரகத்துக்கு முன்குறிக்கிறதில்லை.

உங்க 2-ம் கேள்விக்கும் எங்களுக்கு எழுத்துல பதில் இருக்கு. 1640-ல் வந்த யான்சேனியுசின் நூலை வெச்சு நடந்த சண்டையில, 1653-ல் ரோம் 5 கூற்றைத் தள்ளுச்சு. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரிச்சார்னு சொல்றது அரைப் பெலேஜியம் (மேல சொன்ன காசியன் பக்கத்துப் பேச்சு)ங்கறது அதுல அஞ்சாவது.

07.07.2024, மதியம் 2.05 — மடைகாரன்

அண்ணா, சரி. ஆனா கத்தோலிக்கருக்கு ஒரே பதில்னு டீச்சர் எழுதிப்போடுவாங்க. உள்ள ரெண்டு கட்சி இருக்கறதையும் நீங்களே சொல்லிருங்க.

07.07.2024, மாலை 4.40 — கருமத்தம்பட்டி ஜெபமாலை

இருக்கு. 1588-ல் மோலினா, சேசு சபை. எந்தச் சூழ்நிலையில எவன் தன் விருப்பப்படி என்ன செய்வான்னு கடவுளுக்கு முன்னமே தெரியும், அதை வெச்சு அருளைத் தர்றார்னார். எதிர்ப்பக்கம் பாஞ்ஞெஸ், தொமினிக்கன் சபை. அருள் மனுசன் சம்மதத்தால பலிக்கறதில்லை, தன்னாலேயே பலிக்குது; சம்மதமும் அதோட பலன்னார். ஒருத்தர் இன்னொருத்தரைப் பெலேஜியன்னாங்க, பதிலுக்குக் கால்வினிஸ்டுன்னாங்க. ரோம்ல 1598-லிருந்து விசாரணைக் குழு உட்கார்ந்துச்சு. 1607-ல் பாப்பரசர் 5-ம் பவுல் முடிச்சு வெச்ச விதம் நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே: ரெண்டு பேரும் அவங்கவங்க கருத்தை வெச்சுக்கலாம், ஒருத்தரை ஒருத்தர் பதிதன்னு சொல்லக் கூடாது. தீர்ப்பு அப்புறம் வரும்னாங்க. இன்னும் வரலை.

07.07.2024, இரவு 7.15 — சேந்தமங்கலம்

எங்க ஊருக்கு நேரா வர்றீங்க. 1623-ல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த தே நொபிலி சேசு சபை. அதுக்குப் பத்து வருசம் முன்னாடி, 1613-ல்தான் அந்தச் சபைத் தலைவர் அக்வாவீவா மோலினா வழியை ஒட்டிப் போதிக்கணும்னு உத்தரவு போட்டார். அதே சேந்தமங்கலத்துக்குப் பின்னாடி வந்தது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்: தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே கிறிஸ்து மரிச்சார்ங்கற கட்சி. ஒரே ஊர்த் தண்ணியைக் குடிச்ச ரெண்டு துருவம்.

"முன்குறிச்சாச்சுன்னா ஊழியம் எதுக்கு"ன்னு பசங்க கட்டாயம் கேப்பாங்க. கொல்லிமலையைக் காட்டுங்க. அங்க வேலை செஞ்ச ஜெசி பிராண்ட் அந்த மிஷன் ஆள்தான், 1929-ல் காய்ச்சல்ல மலையிலேயே இறந்தார். வில்லியம் கேரியும் பர்ட்டிகுலர் பாப்டிஸ்ட், அதே கட்சிதான். எங்க தரப்பு விடை: முடிவை முன்குறிச்சவர் வழியையும் முன்குறிச்சார், பிரசங்கம் அந்த வழி. சம்மதிக்கணும்னு அவசியமில்லை, ஆனா விடையே இல்லைன்னு யாரும் எழுத வேண்டாம்.

அப்புறம் மடைகாரரே, டோர்ட்டுன்னா உடனே டியூலிப் பூ அஞ்சு இதழ்னு (அஞ்சு போதனையோட ஆங்கில முதல் எழுத்தும் சேர்ந்தா TULIP) ஆரம்பிச்சுராதீங்க. 1618 நவம்பர்லிருந்து 1619 மே வரைக்கும் உட்கார்ந்த சங்கம் அந்த வரிசையில எழுதலை. 1610 முறையீட்டுக்குப் பதிலானதால அந்த வரிசையிலேயே: தெரிந்துகொள்ளுதல், கிறிஸ்துவின் மரணம், 3-ம் 4-ம் சேர்த்து மனுச சீர்கேடும் மனந்திரும்புதலும், கடைசியா நிலைநிற்பு (பெற்றதை இழக்காம கடைசிவரை நிக்கறது). சீர்கேட்டை முதல்ல வெக்கறது பிற்கால ஆங்கில எழுத்து வித்தை, பூப்பேரு வரணும்னு மாத்தினது. தமிழ்ல அந்த வித்தையே வேலை செய்யாது, அதனால நமக்கு நஷ்டமும் இல்லை.

தெரிந்துகொள்ளப்பட்டவங்களுக்காகவே மரிச்சார்ங்கறதை "வரையறுக்கப்பட்ட பரிகாரம்"னு எழுதினாலும் பசங்க தப்பாத்தான் பிடிப்பாங்க. டோர்ட் 2-ம் தலைப்பு 3-ம் பிரிவைப் பாருங்க: கிறிஸ்துவின் மரணம் உலகம் முழுசோட பாவத்துக்கும் தாராளமாப் போதும்னு இருக்கு. வரையறை மதிப்புல இல்லை, நோக்கத்துல.

07.07.2024, இரவு 7.50 — மடைகாரன்

பூவை எடுத்துட்டேன். மதிப்பு, நோக்கம் ரெண்டையும் பிரிச்சு எழுதினது நல்லது. 2-ம் கேள்வியோட ஓரத்துல இன்னொண்ணும் எழுதுங்க டீச்சர்: எல்லாருக்காகவும் மரிச்சார்ங்கற கட்சியும் "எல்லாரும் இரட்சிக்கப்படுவாங்க"ன்னு சொல்லலை. 1610-ன் 2-ம் பிரிவே, பலன் விசுவாசிக்கறவனுக்கு மட்டும்னு முடியுது. இந்த ஓரக்குறிப்பு இல்லைன்னா வகுப்புல 10 நிமிசம் அதுக்கே போயிரும்.

07.07.2024, இரவு 8.00 — காரமடைத் தேர்

வைணவன் குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இது எங்க வீட்டுச் சண்டைங்க. தென்கலைக்குப் பூனைக்குட்டி, தாய் கவ்வித் தூக்கும், குட்டி சும்மா கிடந்தாப் போதும். வடகலைக்குக் குரங்குக்குட்டி, அது தாயைப் பிடிச்சுக்கணும். கால்வின் தென்கலை, வெஸ்லி வடகலை. முடிஞ்சுதுங்களா?

07.07.2024, இரவு 8.25 — கரூர் வெஸ்லி

முடியலீங்க. குரங்குக்குட்டிக்குப் பிடிக்கற கை பிறவியிலேயே இருக்கு. வெஸ்லி சொல்ற குட்டிக்குக் கை செயலிழந்து கிடக்கு, தாய்தான் முதல்ல உயிர் கொடுக்கணும்.

07.07.2024, இரவு 8.31 — சேந்தமங்கலம்

லூத்தரன் பூனைக்குட்டியை மறந்துட்டீங்க. தூக்கறது முழுக்கத் தாய். ஆனா குட்டி துள்ளிக் குதிச்சுக் கீழ விழலாம்.

07.07.2024, இரவு 8.33 — காரமடைத் தேர்

அப்படி ஒரு கலை எங்ககிட்ட இல்லை. தோத்துட்டேன்.

08.07.2024, இரவு 9.10 — மடைகாரன்

சேந்தமங்கலத்தார் விளையாட்டாச் சொன்ன லூத்தரன் பூனைதான் டீச்சருக்கு ரொம்ப உதவும். ரெண்டு கட்டம் உடையற இடமே அது.

லூத்தர் 1525-ல், சுயசித்தத்துக்கு வாதாடின எராஸ்மஸுக்கு எழுதின மறுப்புல, தேவனுக்கு முன்னால மனுசச் சித்தம் அடிமைன்னு கால்வினுக்கு முன்னாடியே அடிச்சுச் சொன்னவர். ஆனா லூத்தரன் சபைகள் 1577-ல் ஏற்ற உடன்பாட்டை நாலு கேள்வியில வெச்சுப் பாருங்க. தொடங்கறது தேவன் மட்டும். மரிச்சது எல்லாருக்காகவும். தள்ள முடியும். இழக்கவும் முடியும். முதல் வரி கால்வின், மத்த மூணும் வெஸ்லி. அப்ப ஒருத்தன் இரட்சிக்கப்படறான், பக்கத்துல இருக்கறவன் இல்லை, ஏன்? இரட்சிக்கப்பட்டா முழுக்க தேவனால, கெட்டா முழுக்கத் தன்னால, அதுக்கு மேல வேதம் வாயைத் திறக்கலை, நாங்களும் திறக்க மாட்டோம்னு நிறுத்திக்கறாங்க. கால்வின் தேவனோட தீர்மானத்தைக் காட்டுவார். அர்மீனியஸ் தேவன் முன்னறிஞ்ச விசுவாசத்தைக் காட்டுவார். மோலினா சூழ்நிலை அறிவைக் காட்டுவார். எல்லாருக்கும் ஒரு இடத்துல கேள்வி பதிலில்லாம நிக்குது, எந்த இடத்துல நிக்க விடறாங்கங்கறதுலதான் சபைக்குச் சபை வித்தியாசம். 5-வதா ஒரு வரிசை சேர்த்துக்கோங்க: "ஏன் இவன், ஏன் அவன் இல்லை?"

இப்ப மடை. உவமையைத் தூக்கிப்போட வேண்டாம், திருத்திக்கலாம். மடைப்பலகை துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு, வயல்காரன் கையும் விழுந்து கிடக்கு.

பெலேஜியஸ்: கை நல்லாத்தான் இருக்கு, சோம்பேறித்தனம். காசியன் பக்கம்: கை பலவீனம், ஆனா முதல் அசைப்பு சிலசமயம் அவனுது. வெஸ்லி: எல்லா வயலுக்கும் கசிவுத்தண்ணி வந்து கைக்கு உயிர் கொடுத்தாச்சு, இனித் திறக்கறதும் விடறதும் அவன்மேல. லூத்தரன்: தண்ணியே பலகையைத் தள்ளித் திறக்கும், அவனால திறக்கவே முடியாது, அடைக்க மட்டும் முடியும். டோர்ட்: குறிச்ச வயலுக்குத் தண்ணி போயே தீரும், ஆனா அவனைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போகாது, அவன் மனசையே புதுசாக்கி அவனே ஆசையாத் திறக்கும்படி பண்ணும். (கட்டையையோ கல்லையோ நகர்த்தற மாதிரி இல்லைன்னு டோர்ட்டே எழுதியிருக்கு. "ரோபோ"ன்னு பசங்க சொல்லுவாங்க, அங்க இதைச் சொல்லுங்க.) திரிதெந்து: தண்ணி தூண்டி எழுப்பின கை, தண்ணியோட சேர்ந்தே திறக்குது, அடைக்கவும் முடியும்.

08.07.2024, இரவு 9.40 — ஈரோடு டீச்சர்

எங்க பக்கம் கீழ்பவானியில முறைத்தண்ணிங்க. ஒரு தவணை ஒற்றைப்படை மதகுக்கு, அடுத்தது இரட்டைப்படைக்கு. "எங்க மதகு இரட்டைப்படை, அதுவும் முன்குறித்தலா"ன்னு ஒருத்தனாவது கேப்பான்.

08.07.2024, இரவு 9.44 — சேந்தமங்கலம்

அது நீர்வளத்துறையின் தீர்மானம். மேல்முறையீடு உண்டு.

10.07.2024, காலை 5.50 — மடைகாரன்

யோசிச்சதுல ஒண்ணு பட்டுச்சு. இங்க கால்வின் அர்மீனியஸ் சண்டையைவிடத் தமிழ் வார்த்தைதான் பசங்களைக் குழப்பும். டீச்சர், போர்டுக்கு முன்னாடி 10 நிமிசம் இதுக்கு ஒதுக்குங்க.

"தெரிந்துகொண்டார்". பழைய பைபிள் மொழிபெயர்ப்புல இதுக்குப் பொருள் தேர்ந்தெடுத்தார். இன்னிக்குப் பசங்களுக்குப் பொருள் அறிஞ்சுக்கிட்டார். எபேசியர் 1:4-ல் "உலகத்தோற்றத்துக்கு முன்னே கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டபடியே"ன்னு வாசிச்சா, தேவனுக்கு நம்மைப் பத்தி முன்னமே தெரியும்னு எடுத்துக்குவாங்க. யாரும் வாதாடாமலே முன்னறிவுக் கட்சி ஜெயிச்சிருச்சு! யோவான் 15:16-ல் சாயம் வெளுத்துரும்: "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்." மூணு வருசம் கூடவே நடந்த சீஷர்களுக்கு அவரைத் தெரியலைன்னா அர்த்தம்? முதல்ல இந்த வசனத்தைக் கொடுங்க, பொருள் பொருந்தலைன்னு அவங்களே சொல்லுவாங்க, அப்புறம் எபேசியருக்கு வாங்க. ரோமர் 8:29-ல் "முன்னறிந்தாரோ", "முன்குறித்திருக்கிறார்" ரெண்டும் தனித்தனி வார்த்தையா இருக்கு. சண்டையை அங்க வெச்சுக்கலாம், அது நியாயமான களம்.

"முன்குறித்தல்" தலையெழுத்து இல்லை. தலையெழுத்துல பஸ் கவுர்றதும் கல்யாணம் தட்டிப்போறதும் அடங்கும். எபேசியர், ரோமர் பேசறது இரட்சிப்பை, "குமாரனுடைய சாயலுக்கு" ஒப்பாகறதை. எல்லா நிகழ்ச்சியும் தேவ தீர்மானமான்னு கேட்டா அது பராமரிப்புங்கற வேற பாடம், அன்னிக்கு எடுக்காதீங்க.

"கிரியை". நம்ம பக்கம் காதுல விழறதே ஈமக்கிரியை. எபேசியர் 2:9-ல் "கிரியைகளினால் உண்டானதல்ல"ன்னா சடங்கால இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டு, நல்லது செஞ்சா இரட்சிப்புங்கற எண்ணத்தைத் தொடாமலே விட்டுருவாங்க. செயல்னு ஒரு தரம் மாத்திச் சொல்லிருங்க.

எபேசியர் 2:8-ல் "இது தேவனுடைய ஈவு". எது? விசுவாசமா, கிருபையா, முழு இரட்சிப்பா? கிரேக்கத்துல விசுவாசமும் கிருபையும் பெண்பால். "இது"க்கு நிக்கற தூத்தோ பொதுப்பால். அதனால முழு விஷயத்தையும் சுட்டுதுன்னு பலர் சொல்றாங்க. தமிழ்ல எல்லாமே அஃறிணை "இது", இலக்கணம் ஒரு துப்பும் கொடுக்காது. இந்த ஒரு வசனத்தை வெச்சு விசுவாசமே ஈவுன்னு நிறுவப் பார்க்க வேண்டாம். அதை நிறுவ விரும்பறவங்களுக்கு பிலிப்பியர் 1:29 இருக்கு.

10.07.2024, இரவு 8.15 — கருமத்தம்பட்டி ஜெபமாலை

வார்த்தைன்னு வந்ததால. எங்க பாட்டிமார் ஜெபம் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே". பிரியமாத் தந்தது, பிரியதத்தம். இப்ப "அருள் நிறைந்த மரியே". உங்க பைபிள்ல லூக்கா 1:28 "கிருபை பெற்றவளே". கிருபைங்கறது கொடுக்கறவர் மனசுல இருக்கற தயவா, பெற்றவர் உள்ள தங்கற வரமா? 16-ம் நூற்றாண்டுச் சண்டையில பாதி இந்த மூணு வாழ்த்துலயும் ஒளிஞ்சிருக்கு.

இன்னொரு வேடிக்கை. நீதிமானா உண்மையிலயே மாத்தறார்ங்கறது எங்க கட்சி, நீதிமான்னு தீர்ப்புச் சொல்றார்ங்கறது உங்க கட்சி. உங்க பைபிள் "நீதிமானாக்கப்படுகிறான்"னு எங்க கட்சி வார்த்தையை வெச்சிருக்கு! எங்க பைபிள் "கடவுளுக்கு ஏற்புடையவர்"னு உங்க பக்கம் சாயுது!

10.07.2024, இரவு 8.50 — கரூர் வெஸ்லி

வேடிக்கை சரி, கணக்கு பாதி தப்பு. 1995 பொது மொழிபெயர்ப்புல ரெண்டு பக்கத்து ஆளும் சேர்ந்து வேலை செஞ்சாங்க, பேரே பொது. எங்க பைபிள்லயும் ரோமர் 4:3 "நீதியாக எண்ணப்பட்டது"ன்னு தீர்ப்பு மொழியிலதான் இருக்கு.

இந்தத் தலைப்புல சண்டை இப்ப பாதி ஓய்ஞ்சிருக்கு. 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க்ல லூத்தரன் உலகச் சம்மேளனமும் ரோமும் நீதிமானாக்கப்படுதல் பத்திக் கூட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. 2006-ல் மெத்தடிஸ்ட் சேர்ந்தாங்க, 2017-ல் சீர்திருத்தச் சபைகளும். முன்குறித்தல் அதுல தீரலை, அதுக்காகப் போட்ட அறிக்கையும் இல்லை.

11.07.2024, மதியம் 12.20 — ஈரோடு டீச்சர்

யோவான் 6:44 எந்தப் பக்கம்? "பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால்". வகுப்புல வசனம் பிடிக்கற பையன் ஒருத்தன் இருக்கான்.

11.07.2024, மதியம் 12.45 — சேந்தமங்கலம்

எங்க பக்கம். ஹெல்கோங்கற அதே வினைதான் 21:11-ல் வலையை இழுக்கறதுக்கும். 153 மீன்கிட்டயும் யாரும் சம்மதம் கேக்கலை.

11.07.2024, மதியம் 12.58 — கரூர் வெஸ்லி

12:32-லயும் அதே வினை: "எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்." வலை எல்லார்மேலயும் விழுந்திருக்கு.

11.07.2024, மதியம் 1.10 — மடைகாரன்

பையன்கிட்ட மூணு வசனத்தையும் கொடுங்க. "எல்லாரையும்"னா ஒவ்வொரு ஆளையுமா, யூதர் கிரேக்கர்னு எல்லா வகையையுமா? 12:20-ல் கிரேக்கர் வந்து நிக்கறதை அவன் கண்டுபிடிச்சா ஒரு மிட்டாய்.

11.07.2024, இரவு 10.05 — ஈரோடு டீச்சர்

4-ம் கேள்விதான் எனக்குப் பயம். கன்வென்ஷன்ல "இயேசுவை ஏத்துக்கறேன்"னு கை தூக்கின பசங்க இருக்காங்க, சிலர் மூணு வருசமாத் தொடர்ந்து. "கை தூக்கியாச்சு, இனி இழக்க முடியாது"ங்கறான் ஒருத்தன். "போன வருசம் தூக்கினது சரியில்லை"ங்கறா இன்னொருத்தி.

12.07.2024, காலை 6.30 — மடைகாரன்

ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல பிழை: கையைச் சம்பவமா எண்றாங்க. கூட்டத்துல முன்னால வரச்சொல்றது வெஸ்லி பழக்கமும் இல்லை, கால்வின் பழக்கமும் இல்லை. அதைப் பெரிசாப் பரப்பினது 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவுல சார்ல்ஸ் பின்னி.

"நிலைநிற்பு"ங்கற டோர்ட் போதனையும் "ஒருதரம் இரட்சிக்கப்பட்டா எப்பவும்"ங்கற பேச்சும் ஒண்ணில்லை. டோர்ட் 5-ம் தலைப்பு, மெய்யானவங்களும் படுமோசமா விழுவாங்கன்னு ஒத்துக்கிட்டு, தேவன் திருப்பிக் கொண்டுவருவார்ங்குது. திரும்பி வராமலே போனவன் முதல்ல இருந்தே மெய்யா இல்லைங்குது. அதனால கையைக் காட்டி உறுதி கேக்க அங்க இடமே இல்லை. 1610 ஆட்கள் இந்த ஒரு கேள்வியில மட்டும் அன்னிக்கு முடிவு சொல்லலை, வேதத்தை இன்னும் ஆராயணும்னு விட்டாங்க. திரிதெந்து 16-ம் விதி: விசேஷ வெளிப்பாடு இல்லாம கடைசிவரைக்கும் நிலைப்பேன்னு யாரும் முழு நிச்சயமாச் சொல்லக் கூடாது. வெஸ்லி: இன்னிக்கு இரட்சிக்கப்பட்டிருக்கேன்ங்கற நிச்சயம் உண்டு, நாளைக்கு இழக்கற ஆபத்தும் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம், பிரதரன் சபைகள் பெரும்பாலும் இழக்க முடியாதுங்கற பக்கம்.

போன வருசம் தூக்கினதைச் சந்தேகப்படற பொண்ணுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை 18-ம் அதிகாரம் பொருந்தும், அது கால்வினிஸ்ட் ஆவணமா இருந்தாலும்: நிச்சய உணர்வு விசுவாசத்தோட சாரம் இல்லை, மெய்யான விசுவாசிக்கும் அது ஆட்டங்காணும், குறையும், திரும்ப வரும். அந்தப் பையனுக்கு எபிரெயர் 6:4-6 வாசிக்கக் கொடுங்க, விளக்கம் சொல்லாதீங்க. ரெண்டையும் மாத்திக் கொடுத்துராதீங்க. பயந்தவளுக்கு எபிரெயர் 6 போனா அன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டா.

வெளிப்படுத்தல் 3:20 "வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" வேண்டாம். அது லவோதிக்கேயா சபைக்கு, ஏற்கெனவே உள்ள இருக்கறவங்களுக்கு எழுதினது. அதை வெச்சு சுயசித்தம் நிறுவறது வாடகை வீட்டுல கிணறு தோண்டறது.

12.07.2024, காலை 7.05 — கரூர் வெஸ்லி

கடைசி உவமை எனக்குப் புரியலை.

12.07.2024, காலை 7.06 — மடைகாரன்

எனக்கும்தான். விடுங்க.

12.07.2024, இரவு 9.00 — சேந்தமங்கலம்

பசங்க தூங்கினா ஒரு செய்தி கைவசம் வெச்சுக்கோங்க. டோர்ட் முடிஞ்சு நாலு நாள்ல, 1619 மே 13, அர்மீனியன் பக்கம் நின்ன அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட் தலையை வெட்டினாங்க. அதே பக்கத்து அறிஞர் குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. 1621-ல் அவர் புத்தகப்பெட்டிக்குள்ள படுத்துத் தப்பிச்சார், ஏற்பாடு மனைவி. எங்க பக்கத்துக்குப் பெருமையான பக்கம் இல்லை, அதனாலதான் நானே சொல்றேன்.

12.07.2024, இரவு 9.20 — கரூர் வெஸ்லி

பெட்டியைத் தூக்கினவங்க கனமா இருக்கேன்னு சந்தேகப்பட்டாங்களாம். கிருபை தள்ளிவிடக்கூடியதுதான்னு அப்ப அவர் மனசுல ஓடியிருக்கும்.

13.07.2024, மாலை 6.40 — ஈரோடு டீச்சர்

முடிவான திட்டம். முதல் 10 நிமிசம் வார்த்தை: யோவான் 15:16, எபேசியர் 1:4, கிரியை. அடுத்த 15 நிமிசம் போர்டு: மேல டோர்ட், லூத்தரன், வெஸ்லி, திரிதெந்துன்னு 4 பத்தி, பக்கவாட்டுல 5 கேள்வி. முதல் கேள்விக்கு நாலு பத்தியிலயும் "தேவன்"னு ஒரே பதிலை அவங்களையே எழுத வெக்கறேன். 10 நிமிசம் மடை. 10 நிமிசம் கேள்வி. கை தூக்கின ரெண்டு பேர்கிட்ட வகுப்பு முடிஞ்சு தனித்தனியா. சி.எஸ்.ஐ.க்குப் பத்தி போடலை.

ஒரு சந்தேகம். "ஏன் இவன், ஏன் அவன் இல்லை"ங்கற வரிசையில லூத்தரன் கட்டத்துல என்ன எழுதறது?

13.07.2024, மாலை 6.55 — மடைகாரன்

எழுதாதீங்க. காலியா விடுங்க. யாராவது கேட்டா, மறந்துபோய் விடலைன்னு மட்டும் சொல்லுங்க.